கல்லாங்குத்தில் பூத்தவை

மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் தெருமுனைகளில் அன்னாசியைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். தாம் தின்பது பிரொமீலியேசி குடும்பத்துக் கனி என்று வாங்கித் தின்பவர் எவரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. தாவரவியல் வகுப்பில் அக்குடும்பத்தின் பெயரை முதன்முறை கேட்கும் மாணவரோ, அது எங்கோ தொலைதூரத்துக் காடுகளுக்கு உரியது என்று முடிவு கட்டிவிடுகிறார். காலையில் ரயில் நிலையத்துக்கு நடந்து வரும்போது அவர் கடந்து வந்த கைவண்டியில் அக்குடும்பம் அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. அன்னாசி என்ற சொல்லே தென்னமெரிக்கப் பழங்குடிகளின் துப்பி-குவாரனி மொழிகளில் பிறந்து, போர்த்துக்கீசியரின் வாயில் 'அனனாஸ்' ஆகி, 16ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்களிலேயே பழத்தோடு சேர்ந்து இந்திய மேற்குக் கரையில் வந்திறங்கியது.

அன்னாசி மண்ணில் வளர்வது. அதன் உறவினர் பலருக்கோ மண் தேவையில்லை. ஏறத்தாழ 3,700 இனங்கள் கொண்ட அக்குடும்பத்தில் மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை ஒரு பெரும் பகுதி. செங்குத்தான வெறும் பாறையில் வேரை ஊன்றிக்கொண்டு நிற்பவை மற்றொரு பகுதி. இப்பாறைவாழ் செடிகளுக்கு வேர் பெரும்பாலும் பிடிமானம் மட்டுமே. குடிப்பதும் உண்பதும் இலையின் வேலை. இலையின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் நுண்செதில்கள் பனியையும் மழைத்துளியையும் உறிஞ்சுகின்றன. பல இனங்களில் இலையடிகள் ஒன்றையொன்று தழுவிக் கிண்ணம்போல் அமைந்து மழைநீரைத் தேக்கிவைக்கின்றன. வறண்ட பாறைகளில் வாழும் இனங்களிற் பல பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சேமிக்கின்றன. அன்னாசியும் இதையே செய்கிறது. பிரேசிலின் கிழக்குப் பகுதியில் சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் தனிக்குன்றுகளில் இத்தகைய புதிய இனங்கள் தொடர்ந்து கண்டறியப்பட்டு வருகின்றன. ஒரு குன்றில் இருப்பது அடுத்த குன்றில் இல்லாமற் போவதும் உண்டு. கடலுக்கு நடுவே தீவுகள்போல் காட்டுக்கு நடுவே பாறைகள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செடியை நெடுங்காலமாக வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இலைக்கிண்ணத்தில் நீர் தேங்கினால் கொசு வரும் என்பதை மும்பைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. டிரினிடாட் தீவில் 1940களில் இதுவே பெருஞ்சிக்கல் ஆயிற்று. கோக்கோ தோட்டங்களின் நிழல்மரங்களில் தொற்றியிருந்த பிரொமீலியச் செடிகளின் நீரில் மலேரியாக் கொசு பெருகியது. மரங்களின்மேல் தாமிர சல்பேட்டைத் தெளித்துச் செடிகளை அழித்தார்கள். சில மணிநேரமே குழாயில் நீர் வரும் தெருக்களில் வாசலுக்கு வாசல் நீல டிரம்களை நிறுத்திவைத்திருக்கும் மக்களிடம் மாநகராட்சிப் பூச்சித்தடுப்பு ஊழியர்கள் வந்து மூடியைத் திறந்து பார்ப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். நீர் ஒழுங்காக வராத இடத்தில் வாழ்பவை நீரைச் சேமிக்கின்றன. சேமித்ததற்காக ஐயத்துக்கும் உள்ளாகின்றன.

இந்தியாவில் இயற்கையாக முளைக்கும் பிரொமீலியம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே உலகம் முழுவதிலும் ஒரே ஓர் இனம்தான் உண்டு: மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டு மணற்பாறைகளில் வாழும் பிட்கேர்னியா ஃபெலிசியானா. கண்டங்கள் பிரிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னர், ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன், எப்படியோ அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த விதைகளின் வழித்தோன்றல் அது. 1930களில்தான் அறிவியல் அதைக் கண்டது. இந்தியக் கரைக்கு அப்படி ஒரு விதையும் வரவில்லை. ஆனால் குடும்பம் வராவிட்டாலும் வாழ்க்கைமுறை இங்கே இருக்கிறது. மண்ணில்லாத பாறையில், ஆண்டில் நான்கு மாத மழையை நம்பி, எஞ்சிய எட்டு மாதங்களும் செத்ததுபோல் கிடந்து வாழும் செடிகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏராளம். அவற்றிலும் புதியவை இன்றளவும் பெயர் பெற்றுக்கொண்டிருக்கின்றன. மும்பைத் தமிழ் மாணவர்கள் பிரேசிலை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. கோலாப்பூர் வரை போனால் போதும்.

கோலாப்பூர் மாவட்டத்தில் விஷால்கட் கோட்டை இருக்கிறது. 1660இல் பன்ஹாலா முற்றுகையிலிருந்து தப்பிய சிவாஜி வந்து சேர்ந்த கோட்டை என்பதே அதன் புகழ். அக்கோட்டைச் சரிவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு செடிக்கு 2023இல் ஃபைட்டோடாக்ஸா ஆய்விதழில் செரோபீஜியா சிவராயானா என்று பெயர் சூட்டினார்கள். சிவாஜி முடிசூடியதன் 350ஆம் ஆண்டு அது. கோலாப்பூரைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்களும், சிவாஜி பல்கலைக்கழகத்தின் மூத்த தாவரவியலாளர் எஸ். ஆர். யாதவும் அக்குழுவில் இருந்தவர்கள். மராட்டியில் இப்பேரினத்துச் செடிகளைக் 'கந்தில் புஷ்பம்' என்கிறார்கள், அதாவது விளக்குப்பூ. லின்னேயஸ் வைத்த பெயரும் மெழுகையும் ஊற்றையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கைதான். பூங்கொத்து அவர் கண்ணுக்குக் கிளைவிளக்காகத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பூவின் அமைப்பைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். அடி பருத்த ஒரு குழல்; அதன் வாயில் இதழ்கள் மேலே போய் ஒன்றுகூடிச் சிறு கூண்டாகின்றன. மணத்தை நாடி வரும் மிகச்சிறிய ஈக்கள் குழலுக்குள் விழுகின்றன. உட்புறத்து மயிர்கள் கீழ்நோக்கியவை. இறங்கலாம், ஏற முடியாது. ஈக்கள் சிறைப்பட்டுக் கிடக்கும் நேரத்தில் மகரந்தப் பொதி அவற்றின் உடலில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் மயிர்கள் வாடுகின்றன, பூ சாய்கிறது, ஈக்கள் விடுபட்டு அடுத்த பூவில் போய் மறுபடியும் விழுகின்றன. எருக்கம்பூவின் நடுவே உள்ள அந்தக் கிரீடம்போன்ற அமைப்பைக் கூர்ந்து பார்த்தவருக்கு இது முற்றிலும் அன்னியமாகத் தோன்றாது. எருக்கும் இதுவும் ஒரே குடும்பம்.

பூவைவிட முக்கியமானது கிழங்கு. இந்தியச் செரோபீஜியாக்களில் பலவும் பாறை இடுக்கில் ஒரு சிறு கிழங்காக ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. மழை இறங்கியதும் தளிர்க்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கின்றன. காய் வெடித்துப் பஞ்சுவால் விதைகள் காற்றில் பறந்ததும் தண்டு கருகி மறைகிறது. டிசம்பரில் அவ்விடத்துக்குப் போகிறவர் காண்பது கல். மார்ச்சில் போகிறவர் காண்பது சுடுகல். இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் இக்கட்டுரையின் வழக்கே இந்தப் பருவத்தைப் பற்றியது.

அதற்கு முன் பெயரிடுதல் பற்றிச் சில சொற்கள். ஒரு செடி 'புதிய இனம்' ஆவது அது புதிதாகத் தோன்றியதால் அன்று. இடையர்களும் கிழங்கு தோண்டுவோரும் அதை அறிந்தே இருப்பார்கள். விஷால்கட்டுச் செடி அக்கோட்டையைவிட மிகப் பழையது. உலர்த்தி அழுத்திய ஒரு மாதிரியை உலர்தாவரக் காப்பகம் ஒன்றில் வைத்து, 'இப்பெயர் இந்தத் தாளில் ஒட்டியிருக்கும் இச்செடியைக் குறிக்கும்' என்று அச்சில் அறிவிக்கும்போதே பெயர் செல்லுபடியாகிறது. விளக்கம் இலத்தீனில் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. தமிழில் எழுதினால் செல்லாது. பெயர் மட்டும் எம்மொழியிலிருந்தும் வரலாம். புங்க மரத்துக்குப் பொங்காமியா என்ற பெயர் அப்படி வந்ததே. லேபர் கேம்ப்பிலிருந்து சென்ட்ரல் லைன் ரயிலேறி சிஎஸ்டியில் இறங்குகிறவருக்கு நடந்து போகும் தொலைவில், சேவியர் கல்லூரிக்குள், சுவிட்சர்லாந்தில் பிறந்த இயேசு சபைத் துறவி எதல்பர்ட் பிளாட்டரின் பெயர் தாங்கிய காப்பகம் இருக்கிறது. மேற்கிந்தியச் செடிகளைப் பற்றி எழுதும் எவரும் தட்ட வேண்டிய கதவு அது.

பெயர்கள் எப்படி வாழ்கின்றன என்பதற்கு இதே நகரத்தில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1860களில் என். ஏ. டால்செல் என்னும் தாவரவியலாளர் ஒரு பாறைச்செடியை விவரித்தார். கள்ளிபோல் சதைப்பற்றுள்ள தண்டு, மழைக்காலத்தில் இலைகள், நட்சத்திர வடிவில் கருஞ்சிவப்புப் பூ, அதில் மஞ்சள் புள்ளிகள். அப்போது பம்பாயின் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃபிரியரின் பெயரால் அது ஃபிரேரியா இண்டிகா ஆயிற்று. ஜுன்னருக்கு அருகில் சிவநேரி, புரந்தர்ப் பகுதி முதலான சில மலைமுகங்களில் மட்டுமே அது வாழ்கிறது. துறைமுகத்தை ஒட்டிய நெடுஞ்சாலைக்கும் அதே ஆளுநரின் பெயர்தான் இருந்தது. பின்னர் ஃபிரியர் சாலை பி. டி'மெல்லோ சாலை ஆயிற்று. துறைமுகத் தொழிலாளர்களை அணிதிரட்டிய சங்கத் தலைவரின் பெயர் அது. திருநெல்வேலியிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அச்சாலையில் போகும்போது ஆளுநரை நினைப்பதில்லை. செடி மட்டும் அவரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. வகைப்பாட்டாளர்கள் அதை இப்போது பௌசெரோசியா பேரினத்தில் சேர்க்கிறார்கள், ஆனாலும் இனப்பெயர் ஃபிரெரை என்றே நிற்கிறது. சாலைப்பெயரை மாற்ற மாநகராட்சி போதும். செடிப்பெயரை மாற்ற முன்னுரிமை விதி இடம் கொடுப்பதில்லை.

1980களில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலகின் மிகவும் அருகிவரும் இனங்கள் பன்னிரண்டை எடுத்துக்காட்டாகப் பட்டியலிட்டபோது ஃபிரேரியாவும் அதில் இடம்பெற்றது. இதே செடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கள்ளிவகை வளர்ப்போரின் கண்ணாடிக் கூடங்களில் செழித்து வளர்கிறது. ஒரு தண்டுத்துண்டை மணலில் செருகினால் போதும், வேர்விட்டுவிடும். அப்படியானால் அது காப்பாற்றப்பட்டுவிட்டதா? தொட்டியில் இருப்பது உயிர்தான், ஐயமில்லை. ஆனால் சிவநேரியின் செங்குத்துப் பாறையில் அதை நாடி வந்த ஈயும், விதையைக் கொண்டுபோன மலைக்காற்றும், இலையை உதிர்க்கச் செய்த வறட்சியும் தொட்டியில் இல்லை. இனம் தப்பியது, இடம் தப்பவில்லை என்று சொல்லும் நிலை வந்தால் எதிர்காலத் தாவரவியலாளர் அதன் உடலமைப்பை விளக்க முடியாமல் திணறுவார். மழையில் இலை, கோடையில் வெறும் தண்டு என்ற அந்தப் பழக்கம் பாறைக்கு விடையாக உருவானது.

இடம் போனால் என்னாகும் என்பதற்கு ஹப்பார்டியா ஹெப்டாநியூரான் என்ற புல் சான்று. ஜோக் அருவியின் சாரல் படும் பாறையில் 1919இல் சேகரிக்கப்பட்டது. கியூவின் புல்லியல் அறிஞர் சி. இ. ஹப்பர்டின் பெயரை என். எல். போர் அதற்குச் சூட்டியது பல பத்தாண்டுகள் கழித்து. அதற்குச் சிறிது காலத்துக்குப் பின் லிங்கனமக்கி அணை எழுந்தது, ஷராவதியின் நீர் மின்சாரமாயிற்று, அருவி மெலிந்தது. அருவிச் சாரலே வீடாகக் கொண்ட புல்லுக்கு வேறென்ன நேரும்? அழிந்துவிட்டது என்றே நூல்கள் எழுதின. 2002இல் எஸ். ஆர். யாதவ் குழுவினர் அதே புல்லை மகாராட்டிரத்தின் தில்லாரி மலைப்பகுதியில் கண்டெடுத்தனர். நற்பேறுதான். ஆயினும் இன்னொரு பாறையில் இன்னொரு சாரல் தற்செயலாக எஞ்சியிருந்ததால் கிடைத்த பேறு அது. தென்தமிழகத்துக்கே உரிய ஒரு செரோபீஜியாவுக்கு 'ஒமிஸ்ஸா', விடுபட்டது, என்று பெயர். நூற்றாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்து மீண்டும் கிடைத்தது. விடுபட்டவை எல்லாம் இல்லாதவை அல்ல.

இனி வழக்குக்கு வரலாம். தமிழ்நாட்டு வருவாய்த்துறை ஆவணங்களில் 'கல்லாங்குத்து' என்றொரு நிலவகை உண்டு. உழ முடியாத, வரி விதிக்க இயலாத பாறை நிலம். புறம்போக்கில் ஒன்று. ஊர்ப்பேச்சில் அது 'சும்மா கிடக்கிற இடம்'. கல்குவாரிக்கு, சுடுகாட்டுக்கு, இடமில்லாதவர்களுக்குப் பட்டா கொடுக்க, குப்பை கொட்ட என்று எதற்கும் முதலில் நினைவுக்கு வருவது. நடுவண் அரசின் நிலவளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் 2000 முதல் வெளியிட்டுவரும் இந்தியத் தரிசுநில வரைபட நூலில் வெறும் பாறைப் பகுதி என்பது தனி வகையாகவே இருக்கிறது. அதாவது விஷால்கட்டுச் சரிவைப் போன்ற பாறைகள் வரைபடத்தில் தரிசு என்ற நிறத்தைப் பெறும் வாய்ப்பு மிகுதி. வானிலிருந்து எடுக்கும் படத்தில் கிழங்கு தெரியாது.

தரையில் இறங்கிப் பார்த்தால் தெரியுமே எனலாம். இங்கேதான் பருவம் குறுக்கிடுகிறது. சுரங்கம் முதலான திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும்போது அடிப்படைத் தரவு ஒரு பருவத்துக்குத் திரட்டப்பட வேண்டும் என்பதே வழக்கமான வரையறை; அப்பருவம் மழைக்காலம் அல்லாததாக இருக்க வேண்டும். காற்றுத்தூசியை அளக்க இது சரி. மழையில் தூசி அடங்கிவிடும், உண்மை அளவு கிடைக்காது. ஆனால் அதே வரையறை தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பொருத்தப்படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் தரைக்குமேல் உயிரோடிருக்கும் ஒரு தாவரக்கூட்டத்தைக் கணக்கெடுக்க, அந்த நான்கு மாதங்களை விலக்கிவிட்டு மற்ற மாதங்களில் செல்லுங்கள் என்பது விதி! கணக்கெடுப்பவர் பொய் சொல்வதில்லை. அவர் கண்டது கல்தான். ஏப்ரலில் உண்மையாகவே அங்கே கல்தான் இருக்கிறது.

பூனாவின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தினர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் உலர்ந்து சருகாகிப் பின் நீர்பட்டதும் பச்சையாகும் 'மீண்டெழும்' செடிகளைத் தேடினர். அதுவரை ஒன்பதே இனங்கள் அறியப்பட்டிருந்த இடத்தில் 62 இனங்கள் கிடைத்தன. அவற்றுள் 16 இந்தியாவுக்கே உரியவை. இது ஏதோ எட்டாத காட்டின் செய்தி இல்லை. பல இடங்களுக்குப் பேருந்தில் போய்வரலாம். எண்ணிக்கை இப்படிப் பன்மடங்காகப் பெருகியதற்குப் புதிய கருவி எதுவும் காரணமில்லை. உலர்ந்து கிடப்பதைச் செத்தது என்று எழுதாமல், எடுத்து வந்து நீரில் போட்டுப் பார்த்த பொறுமையே காரணம். 

தமிழ்நாட்டில் இதன் அரசியல் முகம் அரிட்டாபட்டி. மதுரை மேலூர்ப் பக்கத்தில் ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கிரானைட் வணிகத்தின் கண்ணில் அவை வெட்டி விற்கத்தக்க பாளங்கள். ஊராரின் கண்ணில் அவை சுனைகளின் தாய், பாண்டியர் காலத்துக் குடைவரையும் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் தாங்கிய மலை. 2022 நவம்பரில் அரசு அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, பாறையைக் காத்தது பெரும்பாலும் கல்வெட்டும் கோயிலும் கண்மாயும்தான் என்பது. செடிகள் அந்த நிழலில் தப்பின. கல்வெட்டில்லாத கல்லாங்குத்துகளுக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? தெற்கு நோக்கி அமர்ந்த கடவுளைக் கல்லால மரத்தின் அடியில் இருத்திய மரபு தமிழருடையது. கல்லில் முளைப்பதற்குக் 'கல்' என்ற முன்னொட்டைத் தந்து கல்லால், கல்லத்தி, கல்லிச்சி என்று பெயர் வைத்த மொழியும் இதுவே. அறிவு இருந்தது, வருவாய்ப் பதிவேட்டில் அது ஏறவில்லை.

லேபர் கேம்ப்பின் நிலமும் ஒரு காலத்தில் பதிவேட்டில் ஏறாத நிலந்தான். மிட்டி ஆற்றின் கழிமுகச் சேறும் கோலி மீனவர்களின் குடியிருப்புமாக இருந்த தாராவியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலித் தமிழர்கள் வந்து தோல் பதனிட்டார்கள். நகரம் நாற்றமடிக்கும் தொழிலை வெளியே தள்ளிய இடம் அது. பின்னர் ரயில்வே பணிமனையும் ஆலைகளும் துறைமுகமும் கூலியாட்களை அழைத்தன, வீடு தரவில்லை. சதுப்பை மக்களே குப்பையும் கல்லும் மண்ணும் கொட்டித் தரையாக்கினார்கள். 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான மாநிலச் சட்டம் வந்தது. 1976இல் கணக்கெடுப்பு நடந்து புகைப்பட அட்டை தந்தார்கள். அதுவே பலருக்கு நகரம் தந்த முதல் பெயர்ச்சீட்டு. இன்று வீட்டுக்கதவுகளில் மீண்டும் கணக்கெடுப்பு எண்கள் எழுதப்படும் காலத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பே இங்கிருந்ததற்குச் சான்று எங்கே என்பதுதான் கேள்வி. கணக்கெடுப்பவர் வரும் பகல்வேளையில் வேலைக்குப் போயிருப்பவரின் கதவு பூட்டிக்கிடக்கும். ஏப்ரலில் பாறைக்குப் போனவர் கல்லைக் கண்டதுபோல், பிற்பகலில் சந்துக்குள் வருபவர் பூட்டைக் காண்கிறார்.

இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது தவறு. தாராவியைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுவோர், மண்ணில்லாத பாறையில் பூக்கும் செடிபோல் இம்மக்களின் தாங்குதிறன் வியப்புக்குரியது என்று கூறும் வழக்கம் உண்டு. கைதட்டலும் கிடைக்கும். தாவரவியல் அறிந்தவர் அந்தக் கைதட்டலில் சேர முடியாது. ஃபிரேரியாவுக்குப் பாறை போதும். பல இலட்சம் ஆண்டுகள் அப்பாறைக்கென்றே அதன் உடல் உருவாகியிருக்கிறது, நல்ல தோட்டமண்ணில் நீர் மிகுந்தால் அழுகியும் போகும். மனிதருக்குப் பத்துக்குப் பதினைந்தடி அறை போதாது. நீல டிரம் ஒரு தகவமைப்பு அல்ல, குழாய் வராததன் விளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்ந்தால், குழாய் போட வேண்டியவர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார். பாறைச்செடிக்கும் லேபர் கேம்ப்புக்கும் பொதுவானது தாங்குதிறன் அன்று. இரண்டையும் 'ஒன்றுமில்லாத இடம்' என்று எழுதிவைத்த பேனா. ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும், மற்றொன்றுக்கு இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும். தேவை வேறு, ஆனால் இரண்டுக்கும் முதற்படி அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைச் சரியான நேரத்தில் போய்ப் பார்ப்பது.

போய்ப் பார்க்க விரும்பும் மாணவருக்கு விஷால்கட் வரை பயணச்செலவு இல்லாமற் போகலாம். தாராவியிலேயே, பேருந்துப் பணிமனைக்கு அடுத்து, காலா கில்லா நிற்கிறது. 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் காலத்தில் கட்டிய சிறு கோட்டை. கருங்கல் சுவர், தக்காணத்தின் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான அதே இனக் கல், சிவநேரியின் கல். மும்பையின் பழஞ்சுவர்களில் மழைக்காலத்தில் வரும் செடிகள் ஒரு தனிக்கூட்டம்: சுண்ணாம்புச் சாந்தை விரும்பும் டெரிஸ் விட்டாட்டா பெரணி, மஞ்சள் பூவுடன் லிண்டன்பெர்ஜியா, பறவை எச்சத்தில் முளைத்த அரசும் அத்தியும். இவற்றில் புதிய இனம் கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம். ஒரு சுவரை ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி அக்டோபர் வரை வாரம் ஒருமுறை பார்த்து, எது எப்போது முளைத்தது, எது பூத்தது, எது எப்போது காணாமற் போனது என்று தேதியோடு எழுதினால் போதும். பிறகு அதே சுவரை ஏப்ரலில் ஒருமுறை பார்த்து, அன்று கண்டதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அரச வேர் கல்லைப் பிளக்கும் என்பதால் தொல்லியலாளர்கள் சுவரைச் சுரண்டித் துப்புரவாக்குவது நியாயமே. அதற்கு முன்பே பட்டியல் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. செடியைப் பிடுங்க வேண்டியதில்லை, ஒரு சிறு கிளையும் கைப்பேசிப் படமும் போதும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மெத்தைக்கடியில் ஒரு வாரம் அழுத்தினால் உலர்ந்துவிடும். மழைக்காலத்தில் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும், இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். தாளின் வலது கீழ்மூலையில் ஒட்டும் சீட்டில் இடம் என்ற கட்டத்தில் 'மும்பை' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தாராவி, காலா கில்லா, கருங்கல் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை முகம், அன்று மழையா வெயிலா என்பது வரை எழுத வேண்டும்.